பட்டறைப் பக்கம்: விடிய ஆறு மணிக்கு அசையாத ஓனிங்

கேள்வி: மாஸ்டர் ஐயாவுக்கு வணக்கம். அப்புத்தளையில் மூன்று அறை வைத்து, வந்து போகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். முன்முற்றத்தில் ஓனிங் (சுவரிலிருந்து விரித்துச் சுருட்டுகிற துணிக் கூரை) ஒன்று போட்டு மூன்று வருடம். 4 மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் வெளியே வரும். மோட்டர் இல்லை, கைப்பிடிதான். இரண்டு மாதமாகச் சிக்குகிறது. விடிய ஆறு மணிக்குச் சுற்றினால் கல்லு மாதிரி இருக்கிறது. பத்து மணிக்கு மேல் வெயில் பட்டால் இளகிக் கொடுக்கிறது, ஆனால் மூடும்போது பாதியில் நின்றுவிடும். தம்பி மூங்கில் கழியால் முன் கம்பியைத் தள்ளிக் கொடுத்தால்தான் உள்ளே போகும். போன வாரம் தள்ளியும் போகவில்லை, இரவு முழுக்க விரிந்தபடியே கிடந்தது. இடது ஓரத்துத் தையல் நூலும் பிரிந்து தொங்குகிறது, அதைத் தைக்க ஆள் இருந்தால் சொல்லுங்கள். எண்ணெயும் விட்டுப் பார்த்தோம். பூட்டியவர்கள் கொழும்பிலிருந்து வர வேண்டுமாம், வான் செலவே தனியாகக் கேட்கிறார்கள். கச்சான் காற்று எழும்புமுன் ஒரு வழி சொல்லுங்கள்.
– அப்புத்தளை வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம்தான் ‘எண்ணெயும் விட்டுப் பார்த்தோம்’ என்ற இடத்தில் கண் நின்றது. என்ன எண்ணெய் என்று எழுதவில்லை. கடிதத்தில் இலக்கம் இருந்ததால் எடுத்துக் கேட்டேன். “தேங்காய் எண்ணெய்தான் ஐயா, வீட்டுக்கு வாங்கின சுத்தமான எண்ணெய்” என்றீர்கள்.

எண்ணெய் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே இறங்கினால் உறையத் தொடங்கும். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்களுக்கு இது புதினமாக இருக்கலாம். நாமோ தலைக்கு வைக்க வேண்டுமென்றால் போத்தலை அடுப்போரம் சாய்த்து வைத்து உருக்குகிற ஆட்கள். 1400 மீற்றருக்கு மேலே இருக்கிற உங்கள் ஊரில் விடியற்காலைக் குளிரில் போத்தலுக்குள்ளே அது வெள்ளையாக இறுகிக் கிடப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதே எண்ணெய் கியர் பெட்டிக்குள்ளும் அப்படித்தான் கிடக்கும் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. தேயிலை பேக்டரியில் முப்பத்தொரு வருடம் பிட்டராக இருந்தவன் நான். ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு நின்றிருந்தால் டீமேக்கர் என்னைத் துரத்தியடித்திருப்பார்.

உங்கள் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடி மாட்டுகிற வளையத்துக்கு மேலே, தண்டு உள்ளே போகிற இடத்தில், உறைந்த நெய் மாதிரி வெள்ளை. அதில் செம்மண் தூசி, சிலந்தி நூல், சவுக்கு இலைத் துண்டு ஒன்று. இவ்வளவும் சேர்ந்து மெழுகாகிவிட்டது. வெயில் ஏறினதும் உருகி வழி விடுகிறது, இருட்டினதும் மறுபடி இறுகுகிறது. காலையில் கல்லாக இருந்தது இதனால்தான்.

ஆனால் பத்து மணிக்கு மேலும் பாதியில் நிற்கிறதே, அதற்கு எண்ணெய் காரணமாக இருக்க முடியாது. அது வேறு கோளாறு. அதனால்தான் ஓனிங்கை முழுதாக விரித்துவிட்டு, மூடும்போது கைப்பிடியின் சுற்றுகளை எண்ணச் சொன்னேன். உங்களுக்கு அது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும்.

ஏன் எண்ண வேண்டும்? உங்கள் கியர் பெட்டியில் 11:1 என்று பொறித்திருக்கிறது. கைப்பிடி பதினொரு சுற்றுச் சுற்றினால் துணி சுருட்டும் குழாய் ஒரு சுற்றுச் சுற்றும் என்று அர்த்தம். உங்களுடையது 78 மில்லிமீற்றர் குழாய், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் துணியை இழுக்கும். இரண்டரை மீற்றரையும் உள்ளே கொண்டுவரக் குழாய்க்குப் பத்துச் சுற்று, கைக்கு நூறிலிருந்து நூற்றுப்பத்துச் சுற்று. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கோளாறு எங்கே என்று ஏணி ஏறாமலே சொல்லிவிடலாம். பதினொரு சுற்றுக்கு ஒரு தரம், தாளம் தப்பாமல், இடறிக்கொண்டே வந்தால் கியரில் ஒரு பல் போயிருக்கிறது. நாளுக்கொரு எண்ணில் நின்றால் அழுக்கு, இல்லையென்றால் சுற்றுகிற ஆள் கைப்பிடியைச் சாய்த்துப் பிடிக்கிறார். ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணில் நின்றால் கியரை விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன எண்கள் 61, 60, 61. அத்தோடு அந்தத் தையல் நூல். அதைத் தனிக் குறையாக எழுதியிருக்கிறீர்கள், என் கணக்கில் முக்கியச் சாட்சியே அதுதான். இடது ஓரம் எதிலோ உரசாமல் நூல் பிரியாது.

குழாயின் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். துணியின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்து, அந்தக் கயிற்றைப் பள்ளத்துக்குள் ஓட விட்டிருப்பார்கள். அது அங்குமிங்கும் நகராமல் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு சின்ன ஸ்குரூ. உங்கள் இரண்டாவது படத்தில் வலது பக்கம் ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த ஓட்டை மட்டும் இருக்கிறது. துணி இரண்டு விரற்கடை இடது பக்கம் வழுக்கி வந்துவிட்டது. சுருளச் சுருள இடது ஓரத்து மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குன்றாகிறது. 61ஆம் சுற்றில் அந்தக் குன்று சுவர்த் தாங்கியில் போய் இடிக்கிறது. தம்பி கழியால் தள்ளும்போது துணி கொஞ்சம் தளர்ந்து தப்பிப் போயிருக்கும். போன வாரம் அதற்கும் மேலே தடித்துவிட்டது.

இனித் தம்பி கழியை எடுக்கவே வேண்டாம். அவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கைப்பிடி சுற்றுவதால்தான் ஓனிங் வெளியே தள்ளப்படுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சுவரிலிருந்து முன் கம்பிவரை நீண்டு மடங்குகிற ஓனிங்கின் இரண்டு கைகளுக்குள்ளும் பலமான ஸ்பிரிங் இருக்கிறது. அது எந்நேரமும் கையை நீட்டப் பார்க்கும். அதை அடக்கி வைத்திருப்பது துணி மட்டுமே. நீங்கள் சுற்றுவது அந்தத் துணியை விட்டுக் கொடுக்கவும் இழுத்துப் பிடிக்கவும்தான். நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கிற மாதிரி. இருபது வருடத்துக்கு முன் டிக்கோயாப் பக்கம் ஒரு பங்களாவில் கிழிந்த துணியை மாற்றப் போனேன். கைகள் முக்கால்வாசி மடங்கியிருந்தன. துணிதானே என்று கத்தியை வைத்து அறுத்தேன். அடுத்தது எனக்கு ஞாபகம் இருப்பது, செவ்வந்திப் பாத்திக்குள் ஏணியோடு கிடந்ததும், பங்களாக் கோக்கி தண்ணீர் தெளித்ததும்தான். இடது புருவத்துக்கு மேலே ஏழு தையல். பாதி மடங்கிய ஓனிங்கில் துணியை அறுப்பது, கையின் போல்ட்டைக் கழற்றுவது, முன் கம்பியைப் பிரிப்பது, மூன்றும் வேண்டாம். கையின் முழங்கை மூட்டைத் திறக்க வேண்டிய வேலை வந்தால் கொழும்பு வானுக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வேலை அவ்வளவு தூரம் போகாது. காற்றில்லாத ஒரு பகல், பதினொரு மணிக்கு மேல் தொடங்குங்கள். ஓனிங்கை முழுதாக விரியுங்கள். கைகள் நீண்டு முடிந்தபின் அவற்றுக்கு மேலே போக இடமில்லை, அப்போதுதான் அவை சாது. அதற்கும் மேலே கைப்பிடியை நாலைந்து சுற்று, மெதுவாக. துணி தொய்ந்து தொங்கும். இப்போது ஏணியில் ஒருவர் ஏறி, குழாய் ஓரத்தில் துணியைப் பிடித்து வலது பக்கம் தள்ள வேண்டும். பள்ளத்துக்குள் கயிறு வர மறுத்தால் சவர்க்காரத் துண்டை அந்த வாயில் தேய்த்துவிட்டுத் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி வந்ததும் வலது ஓட்டையில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ ஒன்று. பழைய ஸ்குரூவின் அளவிலேயே வாங்குங்கள், நீளம் கூடினால் துணியைக் குத்தும். இடது பக்க ஸ்குரூவும் துருப்பிடித்துத்தான் இருக்கும், அதையும் மாற்றுங்கள்.

கியருக்கு வருவோம். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்கு ஒன்று கிடந்தால் துணியின் மேல் போர்த்துங்கள், ஒரு சொட்டும் துணியில் படக்கூடாது. சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கியர் பெட்டியில் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். எண்ணெய் உருகி வழியும், துடையுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தொட்டு, தண்டையும் வளையத்தையும் வெள்ளை போகும்வரை தேயுங்கள். காய்ந்ததும் லித்தியம் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு போதும். குளிரில் அது உறையாது. கைகளின் மூட்டுக்குக் கிரீஸ் கூடாது, தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். அதற்குச் சிலிக்கன் ஸ்பிரே.

இன்னொன்று. முதல் படத்தில் முன் கம்பியில் மூன்று ஈரத்துண்டும் ஒரு ஜீன்ஸும் காய்ந்துகொண்டிருந்தன. விருந்தாளியை ஒன்றும் சொல்ல முடியாதுதான். ஒரு கொடி கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கச்சானுக்குப் பயப்படுவது சரிதான். இந்த மாதிரி மடக்குக் கை ஓனிங்கில் பெரும்பாலானவை மணிக்கு 38 கிலோமீற்றருக்கு உட்பட்ட காற்றுக்குச் செய்தவை. ஆடி மாதம் உங்கள் கணவாயில் வீசுகிற காற்றுக்கு அது எம்மாத்திரம்? ஆள் இல்லாத நேரத்தில் விரித்து வைக்கவே வேண்டாம்.

கேள்வி: நுவரெலியாவில் சிறிய ஹோட்டல் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஓனிங் ரிமோட்டில் வேலை செய்வது. ஏப்ரல் சீசனில் தங்க வந்த பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விரித்து மூடி விளையாடினார்கள். ஐந்தாறு தரம் ஓடியபின் நடுவில் நின்றுவிட்டது. மின்சார வேலை செய்பவர் வந்து, மோட்டர் எரிந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார். அவர் போய் அரை மணித்தியாலத்தில் தானாகவே ஓடியது. எதை நம்புவது?
– நுவரெலியா வாசகர்

பதில்: தம்பி, மோட்டரை நம்புங்கள். குழாய்க்குள் இருக்கிற அந்த மோட்டர் ஒரே மூச்சில் ஏறத்தாழ நாலு நிமிடம் ஓடத்தான் செய்யப்பட்டது. அதற்கு மேல் ஓட்டினால் சூடேறும், உள்ளே இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச் கரண்டை வெட்டிவிடும். பதினைந்து இருபது நிமிடம் ஆறினால் திரும்பச் சேர்த்துவிடும். எரிந்த மோட்டர் அரை மணித்தியாலத்தில் பிழைத்து வராது. புது மோட்டருக்கு முற்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் மோட்டரைச் சுற்றத் தொடங்க வைக்கிற சின்ன உறுப்பான கெப்பாசிட்டர் போயிருக்கலாம், அது சில்லறைச் செலவு. சத்தமே இல்லையென்றால் முதலில் ரிமோட் பற்றரி, பிறகு ட்ரிப் சுவிட்ச். சுவரில் சுவிட்சும் இருந்தால் அதில் ஒரு தரம் போட்டுப் பாருங்கள், ரிமோட்டா மோட்டரா என்று அதிலேயே தெரிந்துவிடும். மோட்டரின் மூடியைக் கழற்றுகிற வேலை என்றால் மெயினை நிறுத்திவிட்டு, அதுவும் தெரிந்த ஆள்தான். 230 வோல்ட், அதிலும் நுவரெலியா ஈரத்தில்.

ஒன்றை இன்றைக்கே பாருங்கள். கரண்ட் போனால் கையால் மூட உங்கள் மோட்டரில் வளையம் இருக்கிறதா? சில மோட்டரில் உண்டு, சிலதில் இல்லை. புயல் காற்று வரும்போதுதான் நம் பக்கம் கரண்டும் போகும். வளையம் இல்லையென்றால், வானம் கறுக்கும்போதே மூடிவிடுங்கள்.

கேள்வி: தலவாக்கலையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். கடை முன்னாலே உள்ள ஓனிங் இரண்டு வாரமாகத் தலைகீழாக வேலை செய்கிறது. மூடுகிற பக்கம் சுற்றினால் திறக்கிறது, திறக்கிற பக்கம் சுற்றினால் மூடுகிறது. மூடினாலும் கடைசிவரை போகாமல் சிக்கிக்கொள்கிறது. வீட்டுக்காரி எலுமிச்சம்பழம் கட்டச் சொல்கிறாள்.
– தலவாக்கலை வாசகர்

பதில்: கட்டுங்கள் முதலாளி, எலுமிச்சம்பழத்தால் ஓனிங்குக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கடைப் பையனைக் கூப்பிட்டு, இரண்டு வாரத்துக்கு முன்னால் எத்தனை சுற்றுச் சுற்றினான் என்றும் கேளுங்கள். முழுதாக விரிந்தபின்னும் அவன் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். துணி முழுதும் தீர்ந்து, குழாய் அதற்கு மேலும் சுழன்று, மறுபக்கமாகச் சுருட்டத் தொடங்கிவிட்டது. துணி குழாயின் மேற்புறத்திலிருந்து வர வேண்டும். உங்களுடையது இப்போது அடிப்புறத்திலிருந்து வந்துகொண்டிருக்கும், நிமிர்ந்து பாருங்கள். அதனால்தான் பின்னால் உள்ள சதுரக் கம்பியில் போய் முட்டிச் சிக்குகிறது.

இப்போது எந்தப் பக்கம் சுற்றினால் விரிகிறதோ அந்தப் பக்கமே சுற்றுங்கள். முழுதாக விரிந்து, துணி தொய்ந்து, குழாயில் துணியே இல்லாத நிலை வரும். நிறுத்தாமல் அதே பக்கம் சுற்றினால் மேற்புறமாகச் சுருளத் தொடங்கும். அந்த நேரம் இன்னொருவர் கீழே நின்று துணி கோணாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு ஒழுங்காக விரிந்து நிற்கிற இடத்தில் குழாயில் நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: ஓனிங் துணியில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுகிறது. மழைக்கு விரித்து வைப்பதாலா?
– வட்டவளை வாசகி

பதில்: மழையால் அல்ல, ஈரத்தோடு சுருட்டி வைப்பதால். அது பூஞ்சணம். வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற வட்டவளையில் துணி காய்வதற்கு எந்த நாளைப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். நனைந்ததைச் சுருட்ட வேண்டி வந்தால் சுருட்டுங்கள். ஆனால் அடுத்த நாள் ஒரு மணித்தியாலம் வெயில் கண்டாலும் விரித்துவிடுங்கள். மூன்று நாள் உள்ளே கிடந்தால் வாசமே காட்டிக் கொடுக்கும்.

புள்ளியை இளஞ்சூட்டுத் தண்ணீர், சாதாரணச் சவர்க்காரம், மெத்தென்ற பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவலாம். துணி எந்த ரகம் என்று தெரியாமல் ப்ளீச் ஊற்றினால் புள்ளியோடு சாயமும் போகும். பழைய புள்ளி முழுதும் போகாது.

தூறலுக்கு விரித்து வைக்கலாம், சரிவு இருந்தால். ஒரு மீற்றர் வெளியே வந்தால் 25 சென்ரிமீற்றர் தாழ வேண்டும். அதற்குக் குறைந்தால் நடுவில் குளம் கட்டும். ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் இடத்தில் ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 50 லீற்றர், அதாவது 50 கிலோ. இரண்டு கொழுந்துச் சாக்கைத் துணியின் மேல் போட்ட மாதிரி.

அச்சுக்குப் போகுமுன்: அப்புத்தளைத் தங்கச்சி மறுபடி எடுத்தார். ஸ்குரூ மாற்றியாகிவிட்டது, விடிய ஆறு மணிக்கே சுற்ற முடிகிறதாம், 106ஆம் சுற்றில் சத்தமில்லாமல் மூடிக்கொண்டதாம். தையலுக்கு ஆள் கேட்டிருந்தீர்களே, அதை மறந்துவிட்டேன். ஆடை தைக்கிற தையல்காரரிடம் போக வேண்டாம், அவருடைய மெஷின் அந்தத் தடிப்பை ஏற்காது. பண்டாரவளையில் பஸ் சீட் தைக்கிறவர்களிடம் கேளுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப் போகும், பொலியஸ்டர் நூல் என்று சொல்லிக் கொடுங்கள். துணியைக் கழற்றாமல், முழுதாக விரித்து வைத்த நிலையிலேயே, கை ஊசியால் அந்த ஒரு முழத்தைத் தைத்துத் தருவார்கள்.